கிரீன் ஸ்டஃப் அங்கி ஓரம் சுருளுது, என்ன கலக்கலாம்?

வணக்கம் அண்ணாச்சிமாரே. 28 மி.மீ. உயர பிளாஸ்டிக் போர்வீரன் பொம்மை ஒண்ணுக்கு வலது கையை மாத்தி, தோளில் அங்கி போடணும்.

கை பிரச்சினை இல்ல: 0.8 மி.மீ. துளை, உள்ளே ஜெம் கிளிப் கம்பி, சூப்பர் குளூ. சிக்கல் அங்கியிலதான். கிரீன் ஸ்டஃப்ங்கிறது நாடாவா வர்ற, பிசைஞ்சா இறுகுற எபாக்சி பசைமாவு; மஞ்சளும் நீலமும் சம அளவு எடுத்துப் பிசையறேன். நாடாவில் ரெண்டும் ஒட்டியிருக்கும் நடுக்கோடு ஏற்கெனவே இறுகியிருக்கும். அதை வெட்டி எறிஞ்சாச்சு, அதனால கட்டி தட்டல. வாசலின் தடவின பாலிதீன்ல தட்டி, அரை மணி நேரம் விட்டுத்தான் தோளில் போர்த்துறது. ஆனாலும் தடிமன் 1 மி.மீ.க்குக் கீழே போனா ஓரம் சுருளுது. காய்ஞ்ச பிறகு உப்புத்தாள் தேய்ச்சா நார் நாரா எழும்புது, ரப்பர் தன்மை அப்படி. எம்-சீல் நல்லா தேயும், மெல்லிசானா ஒடிஞ்சிரும்.

கிரீன் ஸ்டஃப்போட மில்லிபுட் (இதுவும் ஒரு எபாக்சி பசைமாவு) பாதிக்குப் பாதி கலந்தவங்க சொல்லுங்க: நாகர்கோவில் வெக்கையில எத்தனை நிமிஷம் கையாள முடியுது? மில்லிபுட்டுக்குப் பதிலா எம்-சீல் கலந்தா ஓரம் தாங்குமா?

இன்னொண்ணு: வடசேரியில கோயில் நகைப் பட்டறைகளுக்குச் சாமான் விக்கிற கடையில 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி, மெழுகு செதுக்குற கருவி சில்லறையா தருவாங்களா? வாளுக்கும் ஈட்டிக்கும் ஜெம் கிளிப் ரொம்பத் தடி.