பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் குடிவந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து கேட்கிறேன்:

வீட்டுக்காரருக்குக் காரைக்குடிக்கு மாற்றல் வந்துவிட்டது, ஜூனுக்குள் போக வேண்டும். வீட்டில் நாங்கள் ஆறு பேர். மாமாவுக்கு 78, அத்தைக்கு 72. பெரியவள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள், சின்னவன் யூகேஜி. மாமா பிறந்ததிலிருந்து ஒரு மாதம் சேர்ந்தாற்போல் கோவையை விட்டு வெளியே இருந்ததில்லை. "நீங்க போங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்கிறார். அத்தை ஒன்றும் சொல்லாமல் அழுகிறார். இதற்கு நடுவில், பழைய செட்டிநாட்டு வீடு ஒன்று குறைந்த வாடகைக்கு வருகிறது என்று ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார், பார்த்தால் ஆசையாக இருக்கிறது. பொதுவான யோசனை நிறையக் கேட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து 2018இல் வந்தவன், இப்போது காரைக்குடி செக்காலைப் பக்கம்:

அந்த மாதிரி படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன், அதனால் முதலில் அதையே சொல்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மே மாதம் முதலில் வந்து, வீட்டை ஒழுங்கு செய்துவிட்டு அதே மாதம் அப்பா, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டோம். பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் முன்பாதி வாடகைக்குக் கிடைத்தது. தேக்குத் தூண், சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கத்திரி வெயிலில்கூட மதியம் மின்விசிறி இல்லாமல் உள்ளே படுக்க முடிந்தது. வளவு என்று நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதியைச் சொல்வார்கள், பிள்ளைகள் அதைச் சுற்றிச் சைக்கிள் விட்டார்கள். இப்படி ஒரு வீட்டில் வாழக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

அம்மாவுக்கு அந்த வீடு எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது. தெருவிலிருந்து திண்ணைக்கு ஐந்து படி, கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி, காலைத் தூக்கி வைத்துத்தான் தாண்ட வேண்டும். இந்த வீடுகள் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும், கழிவறை கடைசியில்தான் இருக்கும். முன்கட்டில் படுத்திருக்கும் எழுபது வயதுக்காரர் ராத்திரி மூன்று முறை எழுந்தால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று நான் எண்ணியே பார்க்கவில்லை. அம்மா சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார், அதுவும் பிறகுதான் தெரிந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் விழுந்த மழை தெறித்துச் சுற்றுத் தாழ்வாரமெல்லாம் ஈரம். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் சாயமும் சிமெண்டும் வார்த்துச் செய்கிறார்கள், அந்த வழவழப்பு அங்கிருந்து வருவது. காய்ந்திருந்தால் பயமில்லை, ஈரம் பட்டால் இளவட்டங்களே பார்த்துத்தான் நடக்க வேண்டும். அம்மா விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு. 108ஐக் கூப்பிட்டு, இங்கே முதலுதவி முடித்து, அன்று இரவே மதுரைக்குக் கொண்டுபோனோம், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, என் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

அதே வீட்டில் இன்னொன்றும் நடந்தது. நாங்கள் ஒப்பந்தம் போட்டது ஒருவரோடு, வீட்டுக்குப் பங்காளிகள் ஒன்பது பேர். தை மாதம் அவர்களில் ஒருவர் வீட்டுக் கல்யாணம், பத்து நாள் முகப்பையும் வளவையும் ஒழித்துத் தரச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீடுகளைக் கட்டியதே இப்படி நாலா திசையிலிருந்தும் வந்து கூடி விசேஷம் நடத்தத்தான். ஆனால் இடுப்பில் பிளேட் வைத்துப் படுத்திருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. நீங்கள் பெரிய வீடு பார்த்தால் எத்தனை பங்கு, எல்லோருக்கும் சம்மதமா, வருடத்தில் எந்த நாட்களில் அவர்கள் வருவார்கள், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சரி, இப்போது அப்பா. உண்மையில் நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தஞ்சாவூரில் காலை ஆறரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது "சார்" என்று நிற்பார்கள். இங்கே வந்து அந்தச் சட்டை ஆணியிலேயே தொங்கியது. ஏழெட்டு மாதம். சாப்பிட்டார், தூங்கினார், கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நாங்கள் வயது என்று நினைத்தோம். வீடு பார்க்கும்போது வாடகை கேட்டேன், தண்ணீர் கேட்டேன், பள்ளிக்கூட வேன் வருமா என்று கேட்டேன். அப்பா காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கே போவார் என்று மட்டும் கேட்கவில்லை.

அம்மா எழுந்து நடந்ததும் காரைக்குடிக்கே மாறினோம். தரைத்தளம், அறையோடு ஒட்டிய கழிவறை, தெருமுனையில் பிள்ளையார் கோயில், எதிரே டீக்கடை. வீடு சின்னதுதான், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு திங்கட்கிழமை சந்தைக்கு அப்பாவை வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனேன். கத்தரிக்காய்க்காரரிடம் அவர் விலை பேச ஆரம்பித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த திங்கட்கிழமை நான் கூப்பிடுவதற்கு முன்பே பையோடு வாசலில் இருந்தார். பங்குனியில் கம்பன் விழா வந்தது. 1939இல் சா.கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் நடத்துவது, கடைசி நாள் நிகழ்ச்சி கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நடக்கும். எல்லா நாளும் போனார். பக்கத்தில் இருந்தவர் "சாருக்கு எந்த ஊர்?" என்று கேட்டிருக்கிறார், இவர் பதிலுக்கு ஒரு பாட்டைச் சொல்லியிருக்கிறார், இருவரும் பேசிக்கொண்டே வீடு வரை நடந்து வந்தார்கள். அன்றைக்கு ராத்திரி அப்பா எங்களோடு உட்கார்ந்து பன்னிரண்டு மணி வரை பேசினார்.

அதனால் உங்கள் மாமாவுக்கு எதில் ஆசை என்று பாருங்கள், அதற்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். சமையலறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

தேவகோட்டையிலிருந்து:

மேலே எழுதியவருடைய அம்மா இப்போது நலமாக இருக்க வேண்டும். நான் காகித வேலையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் நாங்கள் அதில்தான் அலைந்தோம். பிள்ளைகளின் டிசியைக் கையோடு வாங்குங்கள், பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் எமிஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் இணைப்பு வேறு ஊருக்கு மாறும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துவிட்டு அதற்கான ரசீது வாங்காமல் கிளம்பக்கூடாது. குடும்ப அட்டையில் முகவரி மாற்றத்தை இ-சேவை மையத்திலேயே செய்யலாம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. மாமா பென்ஷன்காரர் என்றால் வருடாந்திர ஆயுள் சான்றை எங்கே, எந்த மாதம் கொடுக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். என் மாமனாருக்கு அது தவறிப்போய் இரண்டு மாதம் பென்ஷன் நின்றது. பணம் பிறகு வந்துவிட்டது, ஆனால் தன் காசு கையில் இல்லாமல் மருமகனிடம் வெற்றிலைக்குக் காசு கேட்க நேர்ந்ததை அவர் மறக்கவேயில்லை.

மருந்து: பழைய டாக்டரிடம் சொல்லி மாத்திரையின் வணிகப் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள், இங்கே அதே கம்பெனி கிடைக்காமல் போகலாம். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வாருங்கள். பிரஷர், சுகர் மாத்திரை என்றால் 2021இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் அந்தப் பெண்தான் மாமியாருக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் பழக்கம்.

கண்டனூரிலிருந்து, வயது 66:

ஆத்தா, நான் இந்த ஊர்ப் பிறப்பு. குடிவந்தவள் இல்லை, குடிவந்தவர்களைப் பார்த்தவள், அதனால் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அடுத்த வீட்டுக்கு வந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பார், வெளியே வர மாட்டார். அவர் பேசும் தமிழ் எங்களுக்குப் பாதிதான் விளங்கும், எங்கள் பேச்சும் அவருக்கு அப்படித்தான். ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்தார். நான் திண்ணையில் பனையோலையில் கொட்டான், அதாவது சின்னக் கூடை, முடைந்துகொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே நின்றவர் ஒரு ஓலையைக் கையில் எடுத்தார், அவ்வளவுதான், விரல் தானாக ஓடியது. சின்ன வயதில் அவர் அம்மாவோடு பெட்டி முடைந்து விற்றவராம், அறுபது வருடம் தொடவேயில்லையாம். அன்றிலிருந்து மதியம் மூன்று மணி ஆனால் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார். எப்போது ஊருக்குப் போவோம் என்று கேட்பதை அத்தை நிறுத்திவிட்டார் என்று அவர் மருமகள் என்னிடம் சொல்லி அழுதது. உன் அத்தையின் கைக்கு என்ன தெரியும் என்று யோசித்துப் பார்.

அடுத்து அடுப்பு. எங்கள் நகரத்தாரில் மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் வேறு வைத்துவிடுவார்கள். வேறு வைப்பதென்றால் சண்டை போட்டுப் பிரிப்பதில்லை. வீடு அதே வீடு, சாமி அறை அதே சாமி அறை, அடுப்பும் அரிசியும் பாத்திரமும் மட்டும் தனி. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். ஒரே கூரைக்குக் கீழே நாலு அடுப்பு எரிந்த வீட்டில் நான் வளர்ந்தேன், என் அப்பத்தா கடைசி வரை தன் சோற்றைத் தானே வடித்தார், யாருக்கும் கட்டுப்படாமல் இருந்தார், எல்லோருக்கும் பிரியமாகவும் இருந்தார். ஊர் மாறினால் உன் அத்தை தன் அடுப்படியை இழக்கிறார், புது அடுப்படியை நீதான் முதலில் ஒழுங்கு பண்ணுவாய், எந்த டப்பா எங்கே என்று உனக்குத்தான் தெரியும். அவர் உன் வீட்டு விருந்தாளி மாதிரி ஆகிவிடுவார். அவருக்கென்று ஒரு சின்ன அடுப்பும், காப்பித்தூளும் சீனியும் வைக்க ஒரு தட்டும் கொடு. பெரியவர்கள் இருவருக்கும் காலைக் காப்பியாவது அவர் கையால் இருக்கட்டும்.

தண்ணீரையும் பார்த்துக்கொள். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர், இனிப்பாக இருக்கும். ஆனால் எல்லா வீட்டுக்கும் எல்லா நாளும் அது வரும் என்று நினைக்காதே, போர்த் தண்ணீர் இடத்துக்கு இடம் மாறும். வீடு பார்க்க வரும்போது ஒரு கேன் பிடித்துப் போய்ப் பருப்பு வேகவைத்துப் பார், வேகாவிட்டால் அந்த வீடு வேண்டாம். அப்புறம், இங்கே உன்னையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், மரியாதைக்குச் சொல்வது. அந்த நாகர்கோவில் மருமகள், அவர்கள் பக்கம் பாட்டியைத்தான் ஆச்சி என்பார்களாம், முதல் வாரம் முழுக்க முகம் வாடி இருந்தது.

காரைக்குடி, கல்லூரி மாணவன்:

நான் ஏழாம் வகுப்பில் வந்தேன். கார்த்திகையில், வருட நடுவில். வகுப்பில் எல்லோருக்கும் ஏற்கெனவே பக்கத்து இடம் பிடித்தாகிவிட்டது, நான் கடைசி பெஞ்சில் தனியாக. அக்கா ஜூனிலேயே வருகிறார்கள் என்பது நல்லது. பெரிய பொண்ணுக்குப் பள்ளியை முன்னாலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள், பழைய நண்பர்களோடு பேசத் தினமும் அரை மணி நேரம் போனைக் கொடுங்கள், எங்கள் வீட்டில் அதைக் கொடுக்கவில்லை, எனக்கு அது ரொம்ப வலித்தது.

எனக்கு உதவியது தாத்தாதான். அப்பா அம்மா இருவருக்கும் வேலை, வீட்டில் ஊர் தெரியாதவர்கள் நாங்கள் இரண்டு பேர். முதல் சனிக்கிழமை கடைக்குப் போகிறோம் என்று கிளம்பி வழி தவறி ரயில்வே ஸ்டேஷனில் போய் நின்றோம். தாத்தாவுக்குக் கால் வலி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ரயில் பார்த்தோம். அடுத்த சனிக்கிழமையும் போனோம். அப்புறம் இரண்டு வருடம், அவர் போகும்வரை, அது நடந்தது. வழி தெரிந்தவர் யாராவது எங்களோடு வந்திருந்தால் அது கிடைத்திருக்காது. உங்கள் வீட்டிலும் தாத்தாவையும் பேத்தியையும் சேர்த்து வெளியே அனுப்புங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, மறுபடியும்:

எல்லாவற்றையும் படித்தேன், அடுப்பு விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. பெரிய வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒரு கேள்வி: நாங்கள் முதலில் போய் வீட்டைத் தயார் செய்துவிட்டு அவர்களைப் பிறகு கூப்பிட்டுக்கொள்வது நல்லதா?

செக்காலைப் பக்கம்:

நாங்கள் அப்படித்தான் செய்தோம், செய்யக்கூடாது என்று இப்போது சொல்வேன். எல்லாம் முடிந்த வீட்டுக்குள் அவர்கள் கடைசியாக வந்தால் அது மகன் வீடுதான். மாமாவை வீடு பார்க்கவே கூட்டி வாருங்கள். கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பதாவது அவர் சொன்னதாக இருக்கட்டும். ஏப்ரல், மே வெயிலிலேயே வாருங்கள், மதியம் இரண்டு மணிக்கு வீட்டைப் பாருங்கள், மாடி வெயில் எப்படி இறங்குகிறது என்று தெரிந்துவிடும். ஒரு ராத்திரி தங்கினால், தெரு விளக்கு எரிகிறதா, பத்து மணிக்கு மேல் ஆட்டோ கிடைக்கிறதா என்பதும் தெரியும். அம்மா நன்றாக இருக்கிறார், கேட்டவருக்கு நன்றி. கைத்தடியோடு கோயில் வரை போய் வருகிறார்.

கோயம்புத்தூரிலிருந்து:

நேற்று சாப்பிட்டதும் மாமாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார், தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். முடித்ததும், "சந்தை திங்கக்கெழமையா?" என்றார். ஆமாம் மாமா என்றேன். "அப்ப ஞாயித்துக்கெழம கெளம்பினாச் சரியா இருக்கும்" என்றார். ஞாயிறு காலை கிளம்புகிறோம், அத்தையும் வருகிறார்.