டாக்ஸ் கிரெடிட் அட்டவணை: ஒரே வருஷத்துக்கு ரெண்டு எண்ணிக்கை ஏன்?

காரைக்குடி_ஆய்வு:
பிரிட்டன் வரித்துறை பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குத் தந்த சைல்டு டாக்ஸ் கிரெடிட், குறைந்த வருமானத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தந்த ஒர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் என்ற உதவித்தொகைகளின் புள்ளிவிவரங்களை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். 2015-16க்கு டிசம்பர் 2015 தற்காலிக அட்டவணையில் ஓர் எண், இறுதி அட்டவணையில் வேறு எண். எதை எடுப்பது? அதில் 'குடும்பம்' என்றால் நம்ம ரேஷன் கார்டு மாதிரியா?

பேரேடு:
கடைக்காரர்கள் சொல்கிற ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட் இல்லை இது. வரியே கட்டாதவருக்கும் பேங்கில் விழுந்த பணம். தற்காலிக அட்டவணை ஒரு நாள் நிலவரம், அதுவும் பெரும்பாலும் முந்தைய வருஷ வருமானத்தை வைத்து. இறுதி அட்டவணை, வருஷம் முடிந்து வருமானம் சரிபார்த்த பிறகு போடும் வருஷ சராசரி. அன்றாடக் குறிப்பேட்டுக்கும் வருஷ முடிவில் போடும் ஐந்தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான். ஆய்வுக்கு இறுதியே சரி.

அதிலும் வருமானப் பத்தியைச் சம்பளம் என்று எடுத்துவிடாதீங்க. ஒர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் வாங்கும் ஒரு குடும்பத்தின் வருமானம் 2014-15ல் 12,000 பவுண்டு, 2015-16ல் 18,000 என்று வைத்துக்கொள்வோம். கூடியது 6,000. அந்த வருஷ விதிப்படி முதல் 5,000 உயர்வைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கணக்கில் ஏறுவது 13,000தான். கூடுதல் ஆயிரத்துக்கு 41 சதவீதம், அதாவது 410 பவுண்டு குறையும். இந்தச் சலுகை 2006-07 முதல் 2010-11 வரை 25,000, பிறகு 10,000, 2013-14 முதல் 5,000, 2016-17 முதல் 2,500.

அரைப்புள்ளி:
ரேஷன் கார்டு இல்லை. நம்ம நகரத்தார் கோயில் புள்ளிக் கணக்கை நினைச்சுக்கங்க, கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. மகனுக்குக் கல்யாணமானால் ஒரே வளவு வீட்டில் இருந்தாலும் தனிப் புள்ளி இல்லையா, அங்கேயும் தம்பதி, அவர்கள் பிள்ளைகள், அவ்வளவுதான் ஒரு குடும்பம். மாமியார் கூடவே இருந்தாலும் சேராது. ஆனால் அங்கே துணையில்லாத தாயும் முழுக் குடும்பம். அரை என்ற பேச்சில்லை. ஆகவே இந்த எண்ணை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சதவீதம் போட்டால் தப்பு. வேலையில்லாத குடும்பங்களும் அட்டவணையில் தனி வரிசையாக உண்டு. தலைப்பைப் பார்த்து எல்லாரும் உழைப்பவர்கள் என்று எழுதிவிடாதீங்க.

காரைக்குடி_ஆய்வு:
நன்றிண்ணே. 2003 முதல் ஒரே கோடாக வரைபடம் போடலாமா?

பேரேடு:
போடலாம், முறிவுகளைக் குறித்துக்கொண்டு. சைல்டு டாக்ஸ் கிரெடிட்டில் குடும்பத்துக்கான தொகை குறையத் தொடங்கும் வருமான வரம்பு 2011 ஏப்ரலில் 50,000லிருந்து 40,000 பவுண்டு ஆனது, அடுத்த வருஷம் அந்தத் தனி வரம்பையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் உள்ள தம்பதி ஒர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் வாங்க வாரம் 16 மணி நேரம் வேலை பார்க்கணும் என்பது 2012ல் 24 ஆனது. 2017 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த மூன்றாவது பிள்ளை முதல், சில விதிவிலக்கு போக, சைல்டு டாக்ஸ் கிரெடிட்டில் பணம் இல்லை என்றானது. 2013 முதல் ஆட்கள் பல உதவித்தொகைகளை ஒன்றாக்கிய யூனிவர்சல் கிரெடிட்டுக்கு நகர்ந்தார்கள், 2025 ஏப்ரல் 5ல் டாக்ஸ் கிரெடிட்டே முடிந்தது. கடைசிச் சரிவைப் பார்த்து வறுமை குறைந்தது என்று எழுதினால் வைவா வாய்மொழித் தேர்வில் மாட்டிக்குவீங்க. யூனிவர்சல் கிரெடிட் எண்ணிக்கை வேறு துறை வெளியிடுவது. பிள்ளைகள் உள்ள குடும்பங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பக்கத்தில் தனிக் கோடாகப் போடுங்க.