பக் நாயா, டாஷண்ட் நாயா: மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி வீட்டுக்கு எது பொருந்தும்?

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வேளச்சேரியில், மின்தூக்கி இல்லாத அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். ஏழு வயது மகள் ஓராண்டாக நாய்க்குட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள். நானும் மனைவியும் வேலைக்குச் சென்றபின் வீட்டில் இருப்பவர் எழுபது வயதைக் கடந்த என் அம்மா மட்டுமே. தட்டை முகமுள்ள பக், நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாஷண்ட் ஆகிய இரண்டில் ஒன்று என்பது வரை வந்துவிட்டோம். பக் சாதுவானது என்கிறார்கள். டாஷண்ட் துடிப்பானது, ஆள் வந்தால் குரல் கொடுக்கும் என்கிறார்கள். அம்மாவுக்குக் காவலாகவும் இருக்குமே என்று என் மனம் டாஷண்டின் பக்கம் சாய்கிறது. வளர்த்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கோவை_தோட்டக்காரன்:
ஒன்பது ஆண்டுகளாக டாஷண்ட் வளர்க்கிறேன். ஜெர்மனியில், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்னும் விலங்கை வேட்டையாடுவதற்காக உருவாக்கப்பட்ட இனம் இது. இருண்ட வளைக்குள் தனியே நுழைந்து, வளர்த்தவரின் கட்டளைக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்க வேண்டியிருந்த அந்த வேலையின் மிச்சம்தான் இதன் பிடிவாதம். எங்கள் நாயை அழைத்தால், வருவதா வேண்டாமா என்று முதலில் யோசிக்கும். அணிலைக் கண்டுவிட்டால் அந்த யோசனையும் கிடையாது. காவல் என்றீர்கள், படியேறும் ஒவ்வொரு காலடிக்கும் அது குரைக்கும்போது, எதிர்வீட்டார் அதைக் காவல் என்று சொல்ல மாட்டார்கள். உறங்கும்போது குழந்தை தொட்டால் சிலவேளை பல்லும் படும்.

இவற்றையெல்லாம் பழக்கத்தால் ஓரளவு திருத்தலாம், முதுகைத் திருத்த முடியாது. கால்களைக் குட்டையாக்கும் அதே மரபுக்கூறே முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளையும் இளவயதிலேயே இறுகச் செய்கிறது. தட்டு பிதுங்கினால் பின்னங்கால்கள் செயலிழக்கவும் கூடும். மூன்று மாடிப் படிகளில் நாள்தோறும் ஏற்றி இறக்குவதை நான் செய்ய மாட்டேன். தூக்குவதானாலும் ஒரு கை மார்புக்கும் மற்றொரு கை பின்பகுதிக்கும் கொடுத்தே தூக்க வேண்டும்.

மதுரை_மீனாள்:
2003-இல் வந்த கைபேசி விளம்பரத்தில், சிறுவன் பின்னாலேயே ஓடும் பக்கைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்களில் நாங்களும் ஒருவர். குணத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் முறைத்ததில்லை. திருடன் வந்தாலும் வாலைத்தான் ஆட்டியிருக்கும்.

ஆனால் நாய்கள் உடற்சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே தணித்துக்கொள்கின்றன. அதற்கு வேண்டிய மூக்கு பக்குக்குக் கிடையாது. இரவில் அது விடும் குறட்டையைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். மூச்சுவிட அது படும் பாடு அது என்று கால்நடை மருத்துவர் விளக்கிய பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. மே மாதத்தில் சூரியன் உதிக்கும் முன்பே நடை முடிந்துவிட வேண்டும். முக மடிப்புகளைத் துடைத்து ஈரமின்றி வைக்க வேண்டும். அம்மா பாசத்தில் ஊட்டும் இட்லிக்கும் ஓர் அளவு வேண்டும், ஏனெனில் எடை கூடினால் மூச்சு மேலும் திணறும்.

சேலம்_படிப்பாளி:
பகலில் நாயைக் கீழே அழைத்துச் செல்பவர் யார் என்பதை நீங்கள் எழுதவில்லை. குட்டிக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். வளர்ந்த பக் எட்டுக் கிலோ வரை இருக்கும், டாஷண்ட் அதையும் தாண்டலாம். அம்மாவால் அதைச் சுமந்து படியேற இயலுமா? பழக்கப்பட்ட, மூன்று நான்கு வயதான நாயைத் தத்தெடுப்பது உங்களுக்கு எளிது. குட்டிதான் வேண்டுமென்றால், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வேளச்சேரிவாசி:
மூவருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன்; "என் முழங்காலையே நான்தான் சுமக்கிறேன்" என்றார். டாஷண்டை விட்டுவிட்டோம். வளர்ந்த பக் ஒன்றைத் தத்தெடுத்து, பால்கனியில் மலம் கழிக்கப் பழக்கலாம் என்று எண்ணுகிறேன். மீனாள் அம்மா, கோடைப் பகலில் மின்விசிறி போதுமா, குளிர்சாதனம் ஓடியே ஆக வேண்டுமா?

மதுரை_மீனாள்:
ஏப்ரல், மே மாதங்களில் குளிர்சாதனம் ஓடியே ஆக வேண்டும். மின்தடை வந்தால் ஈரத்துணியும் தண்ணீரும் அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.