புதுப்பிப்பு: பாலத்தில் ஆடிய படகு டிரெய்லர் சரியாகிவிட்டது

பினாங்குப் பாலத்தில் வேகமெடுத்தாலே டிரெய்லர் வாலாட்டுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

டயர் காற்று, பேரிங் இரண்டிலும் குறையில்லை. டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கியில் விழும் எடையைப் பார்க்கச் சொன்ன பட்டர்வொர்த் அண்ணன் யோசனைதான் பலித்தது. படகின் பெட்ரோல் தொட்டியை நிரப்பி, டிரெய்லரைச் சமமாக நிறுத்தி எடை போட்டேன். மொத்தம் 900 கிலோவில் கொக்கியில் விழுந்தது 35 கிலோதான். படகின் மூக்கை இழுத்துப் பிடிக்கும் வின்ச் கம்பத்தைத் தளர்த்திப் படகை ஒரு சாண் முன்னே நகர்த்தியதும் 72 ஆனது, அதாவது 8 சதவீதம். ஆட்டம் நின்றது. என்ஜின் மாட்டும் பின்பலகை வரை தாங்குகட்டை எட்டாமல் இருந்ததும் இதிலேயே தீர்ந்தது.

எதிர்பாராதது: உப்புத் தண்ணீர் தின்ற யூ-போல்ட் (கம்பத்தை இறுக்கிப் பிடிக்கும் U வடிவ போல்ட்) ஒன்று திருகும்போதே முறிந்தது. துத்தநாகம் பூசியதை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கொஞ்சம் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். எனக்கு இரண்டு தளர்ந்திருந்தன.