கணிப்பானில் காரணி அடைப்புக்குறிக்குள் வருகிறது, பழுதா?

தலவாக்கலை_தம்பி:
அவசரம். பெரிய எண் ஒன்றைக் கணிப்பானில் காரணிப்படுத்தினேன். ஒரு காரணி ஒழுங்காக வருகிறது, மற்றது அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. ஓஃப் பண்ணிப் போட்டாலும் அதேதான். புதிதாக வாங்கியது. நாளைக்கு டியூசனில் காட்ட வேண்டும்.

பதுளை_ராணி:
என்ன எண் தம்பி? என்ன மொடல்?

ஹட்டன்_பஸார்:
டவுனில் வாங்கியதா? அப்படியென்றால் போலிதான். பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள்.

பழைய_கணக்கன்:
எண்ணைச் சொல்லாமல் விடை கேட்கிறார். இங்கே யாரும் சாத்திரம் பார்ப்பதில்லை.

தலவாக்கலை_தம்பி:
4294967297. மொடல் 991ஈஎஸ் பிளஸ். 641×(6700417) என்று வருகிறது.

ஹட்டன்_பஸார்:
பெட்டரி இறங்கினாலும் இப்படி வரும். ரீசெட் பண்ணுங்கள்.

பதுளை_ராணி:
பெட்டரி இல்லை அண்ணன். அந்த மொடல் மூன்று இலக்கம் வரையான முதன்மை எண்களால்தான் வகுத்துப் பார்க்கும். மிஞ்சுவது, நாலு இலக்கத்தில் முதல் முதன்மை எண்ணான 1009 இன் வர்க்கமான 1018081 ஐவிடச் சிறிதென்றால் அது முதன்மை எண் என்று நிச்சயம். அதைவிடப் பெரிதென்றால் "இதற்கு மேல் நான் பார்க்கவில்லை" என்று அடைப்புக்குறி போட்டுவிடும். பழுது ஒன்றும் இல்லை.

பழைய_கணக்கன்:
எண்ணைக் கண்டதுமே தெரிந்திருக்க வேண்டும். 2 இன் 32 ஆம் வலுவோடு 1. வலு 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் அந்த வரிசையில் 3, 5, 17, 257, 65537 எல்லாம் முதன்மை எண்கள். இதுவும் அப்படித்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732 இல் ஒய்லர் 641 ஆல் வகுபடும் என்று காட்டினார், கையால். இப்போதைய பிள்ளைகள் 7 ஆம் வாய்ப்பாட்டுக்கும் பட்டனைத் தேடுகிறார்கள்.

ஹட்டன்_பஸார்:
ஒய்லருக்கு மறுநாள் டியூசன் இருந்ததா சேர்?

பழைய_கணக்கன்:
உயர்தர இரசாயனவியல் தாளில் கணிப்பானுக்கு அனுமதி இல்லை. அப்போது தெரியும்.

ஹட்டன்_பஸார்:
அவர் உயர்தரம் என்று எங்கே சொன்னார்?

தலவாக்கலை_தம்பி:
அப்போ 6700417 முதன்மை எண்ணா இல்லையா?

பழைய_கணக்கன்:
வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரையுள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துப் பாருங்கள். உழைப்பு வேண்டும்.

பதுளை_ராணி:
அவ்வளவு வேண்டாம் சேர். ஒய்லரே எல்லாவற்றாலும் வகுக்கவில்லை, 64 ஆல் வகுத்தால் மீதி 1 வருபவற்றை மட்டும்தான் எடுத்தார். 641 பத்து 64 உடன் 1. பிறகு பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அதையும் இறுக்கினார்: 4294967297 இன் எந்த முதன்மைக் காரணியையும் 128 ஆல் வகுத்தால் மீதி 1 தான். 2588 க்குள் அப்படியான முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. முதல் மூன்றையும் கணிப்பான் ஏற்கெனவே பார்த்துவிட்டது. தம்பிக்கு மிச்சம் இரண்டு வகுத்தல்தான்.

ஹட்டன்_பஸார்:
எதற்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

தலவாக்கலை_தம்பி:
1153 க்கு மீதி 334. ஃபோனில் சார்ஜ் இல்லை. நன்றி அக்கா.

பதுளை_ராணி:
1409?