எதிர்வீட்டுப் பட்டாளத்துத் தாத்தா: பழகியவர்கள் எழுதலாம்

எதிர்வீட்டுப் பையன்:
வேலூர்ப் பக்கம் பட்டாளத்து ஊர்கள் நிறைய. கம்மவான்பேட்டை அளவுக்கு இல்லாவிட்டாலும் எங்கள் ஊரிலும் தெருவுக்கு நாலு வீட்டில் ராணுவப் பென்ஷன் வரும். அதில் எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா போன மாதம் காலமானார். பெங்களூர் எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், ராணுவத்தின் பொறியாளர் படை) சேர்ந்து ஹவில்தாராக ரிடையரானவர். அவரைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். முதலில் நான்.

ஞாயிறு சாயங்காலம் திண்ணையில் ஷூ பாலிஷ் நடக்கும். பேரப்பிள்ளைகளுடையது மட்டுமில்லை, என்னுடையதும்தான். பிரஷ் போட்டு முடித்த பிறகு, பழைய பனியன் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பாலிஷைத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, முனையில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். முகம் தெரிகிற வரைக்கும் விடமாட்டார். பி.டி. சார் ஒருநாள் "யாருடா உங்க வீட்டுல மிலிட்டரி?" என்று கேட்டார். "எதிர்வீடு சார்" என்றேன்.

இன்னொரு 'தம்பி':
எம்.இ.ஜி.காரர்களைப் பட்டாளத்தில் எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அவருக்கு ரொம்ப ஜூனியர். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்கிகளுக்குப் பாதை திறந்தது எங்கள் எம்.இ.ஜி.யின் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட். வேலை முழுசாக முடிவதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் என்கிற ரெஜிமென்டின் டாங்கிகள் உள்ளே போயின. அந்த டாங்கிச் சண்டையில் உயிர்விட்டு, பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பாலை எல்லோருக்கும் தெரியும். வழி போட்டுக் கொடுத்தவர்களை யார் கேட்டார்கள்? அண்ணன் அதில் ஒருவர்.

பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்துக்குக் கூப்பிட்டுப் போர் அனுபவம் பேசச் சொன்னால், "ரொம்பக் குளிரு. சப்பாத்தி கல்லு மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார். என்னிடம் ஒருமுறை மட்டும், புதைத்த கண்ணிவெடியை எப்படித் தேடுவது என்று கடலைக் கொல்லையில் குச்சியை வைத்துக் காட்டினார். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சாய்த்து, மெதுவாகச் செருகினால் பக்கவாட்டில் தட்டும், அப்போது பிழைத்தோம். மேலே கேட்பதற்குள் பேத்தி கூப்பிட்டாள். குச்சியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெரிய மகள்:
எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சின்ன வயதில் எனக்கு அப்பா என்றால் 56 ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் முகவரிதான். வருஷத்துக்கு ஒருதடவை, இரண்டு மாத லீவில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வருவார். எங்களுக்குக் கூச்சம் தெளிவதற்குள் காட்பாடியில் ரயில் ஏற்றிவிட வேண்டியிருக்கும்.

அம்மா படித்தது இரண்டாம் வகுப்பு. கடிதத்தை அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கக் கூடாது என்பதற்காக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி இன்லண்ட் லெட்டரில் பெரிசு பெரிசாக எழுதுவார். கொஞ்சம் வரிதான் கொள்ளும். அதிலும் பாதி எருமை மாட்டைப் பற்றி விசாரித்திருப்பார்.

ரிடையராகி வந்ததும் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. நைட் ஷிப்ட் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். "ராத்திரி வீட்டுல இல்லாம இருந்தது போதும்" என்றார். அந்தச் சம்பளம் வந்திருந்தால் மாடியில் ஒரு ரூம் போட்டிருக்கலாம் என்று அம்மாவுக்கு இன்னும் கோபம்.

பின்தெரு அத்தை:
என் வீட்டுக்காரரும் பட்டாளம்தான். அவர் போன பிறகு பார்த்தால், ராணுவ ரெக்கார்டில் என் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. குடும்பப் பென்ஷனுக்கு அலையோ அலை என்று அலைந்தேன். அண்ணன்தான் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு என்னோடு பஸ்ஸில் வந்தார். ரெக்கார்ட் ஆபீசுக்கு இங்கிலீஷில் லெட்டரும் அவரே எழுதினார். டீக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விடவில்லை. அது சரி, அண்ணிக்குப் பென்ஷன் மாறிவிட்டதா?

பெரிய மகள்:
வேலை நடக்கிறது அத்தை. உங்கள் அலைச்சலைப் பார்த்த கையோடு அம்மா பெயரைத் திருத்தி, பேங்க் கணக்கையும் ஜாயின்ட்டாக மாற்றி வைத்துவிட்டார். ஃபைலில் முதல் தாளே அவர் எழுதியதுதான்: 'இறப்புச் சான்றிதழ் 10 காப்பி வாங்கவும்.' பத்து எதற்கு என்று தம்பி ஐந்துதான் வாங்கினான். நாளைக்கு மறுபடியும் போகிறான்.