ஏற்றத்தில் கண்ணாடிப் பக்கம் திரும்பும் ஏசி காற்று: வேக்கம் கசிவை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பாலைவழி:
ராஸ் அல் கைமாவில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2005 ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, 4.6 லிட்டர் வி8 என்ஜின், தானியங்கி ஏசி கட்டுப்பாடு. ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. ஜெபல் ஜெய்ஸ் மலைப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி ஏறத் தொடங்கினால், சிறிது நேரத்தில் முகத்துக்கு வந்துகொண்டிருந்த காற்று நின்று, முன்கண்ணாடியின் அடியிலிருந்து வரத் தொடங்குகிறது. காலை எடுத்ததும் மறுபடி டேஷ்போர்டு திறப்புகளுக்குத் திரும்புகிறது. ஒரு பட்டறையில் ஏசி கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி நிரப்பித் தந்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. இது வேக்கம் கோளாறு, அதாவது ஏசி காற்றைத் திருப்பிவிடும் உள்கதவுகளை இழுக்கும் என்ஜினின் உறிஞ்சு விசை எங்கோ கசிகிறது என்று படித்தேன். எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள்.

விஎட்டு:
டெக்சாஸில் இதே வண்டியை நீண்ட காலமாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தேடவே வேண்டாம், ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி ஓ-ரிங்குகளை மாற்றிவிடுங்கள். அந்தப் பெட்டியின் பின்புறம், மின்சாரத்தால் திறந்து மூடும் நான்கு சொலினாய்டு வால்வுகள் இருக்கின்றன. எந்தக் கதவுக்கு வேக்கம் போக வேண்டும் என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. அவற்றில் உள்ள ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் ஆண்டுகள் போகப் போக இறுகித் தட்டையாகி, வேக்கத்தை வெளிக்காற்றோடு கலக்க விட்டுவிடுகின்றன. கிரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்க்விஸ், லிங்கன் டவுன் கார் ஆகிய மூன்றிலும் இது ஊரறிந்த நோய். வளையங்களின் விலை மிகக் குறைவு; வேலையும் ஒரு மதியப்பொழுதுக்குள் முடிந்துவிடும்.

பட்டறைக்காரன்:
ஷார்ஜா தொழிற்பேட்டையில் இந்த வண்டிகளைப் பழுது பார்ப்பவன் நான். விஎட்டு சொல்லும் நோய் உண்மையானது. ஆனால் பாலைவழி சொல்லும் அறிகுறி அந்த நோயின் வழக்கமான அறிகுறி இல்லை. ஓ-ரிங் நன்றாகக் கெட்டுவிட்டால், வண்டி நின்றாலும் ஓடினாலும், எந்தப் பட்டனை அழுத்தினாலும் காற்று கண்ணாடிக்கும் காலுக்கும்தான் போகும். இங்கே கோளாறு ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து வருகிறது, சேர்ந்து போகிறது. நான் முதலில் பார்ப்பது இந்த நேரக் கணக்கைத்தான்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் என்ஜின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் ஓடும் நிலையில்) இருக்கும்போது, என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் 17 முதல் 22 அங்குலம் பாதரச அளவுக்கு வேக்கம் கிடைக்கும். த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரோடு திறக்கும் காற்று வழி) முழுவதும் திறந்தால் அது ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். அந்த இடைவெளியைச் சமாளிப்பதற்காகவே ஒரு பக்கமாக மட்டும் காற்றை விடும் செக் வால்வும் ஒரு சேமிப்புக் குடுவையும் வைத்திருக்கிறார்கள். வேக்கம் இருக்கும்போது குடுவை அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; மேனிஃபோல்டில் குறையும்போது செக் வால்வு மூடிக்கொண்டு, குடுவையில் உள்ளது என்ஜின் பக்கம் கசிந்து போகாமல் தடுக்கிறது. இந்த இரண்டில் ஒன்றோ, இடையில் உள்ள ரப்பர் முழங்கைகளில் (வளைந்த குழாய்த் துண்டுகளில்) ஒன்றோ பழுதானால், ஏற்றத்தில் கதவின் ஸ்பிரிங் வென்றுவிடும். வேக்கம் இல்லாதபோது காற்று கண்ணாடிக்குப் போகும்படிதான் அந்த ஸ்பிரிங்கை அமைத்திருக்கிறார்கள். ஓட்டுபவருக்குச் சாலை தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்கான சரியான ஏற்பாடு அது. ஆகவே பானட்டின் அடியில் இருந்து தொடங்குங்கள்; டேஷ்போர்டைத் தொட வேண்டாம்.

விஎட்டு:
பட்டறைக்கார அண்ணன் சொன்ன இயக்கத்தில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மறுப்பு. குடுவையில் உள்ள வேக்கத்தை யார் குடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஓ-ரிங் பாதி கெட்ட நிலையில் இருந்தால், ஐடிலில் என்ஜின் அந்தக் கசிவை ஈடுகட்டிவிடும், காற்றும் முகத்துக்கே வரும். ஏற்றத்தில் செக் வால்வு மூடிய பிறகு குடுவை மட்டுமே வேக்கம் தர வேண்டும்; அது ஓ-ரிங் வழியாகச் சீக்கிரமே காலியாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அறிகுறி அப்படியே செக் வால்வு கோளாறு போலத்தான் தெரியும். ஆகவே “ஏற்றத்தில் மட்டும் வருகிறது, எனவே பானட்டின் அடியில்தான்” என்ற முடிவு நிற்காது.

கருவிப்பெட்டி:
இருவரும் ஊகத்தின் மேல் நின்று பேசுகிறீர்கள். புகை செலுத்தும் கருவி இருக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், இன்டேக் மேனிஃபோல்டில் புகையைச் செலுத்தினால் கசியும் இடம் கண்ணுக்கே தெரிந்துவிடும். கூடவே ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவையும் (என்ஜின் கணினி கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) பார்க்கலாம். ஐடிலில் அந்த அளவு கூடுதலாகவும், என்ஜின் வேகம் ஏற ஏறக் குறைந்தும் வந்தால் வேக்கம் கசிகிறது என்று பொருள். கசிவு பெரியதானால் பி0171, பி0174 என்ற இரண்டு பிழைக் குறியீடுகளும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

பட்டறைக்காரன்:
கருவிப்பெட்டி அவர்களுக்கு: என்ஜினுக்குள் நேராகக் காற்று இழுக்கும் கசிவுகளுக்குப் புகை மிக நல்ல கருவி, அதில் ஐயமில்லை. ஆனால் ஏசி பக்கத்துக்கு அதை மேனிஃபோல்டில் இருந்து செலுத்தினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். செக் வால்வு, காற்றை என்ஜின் பக்கமாக மட்டுமே விடும். புகையோ மேனிஃபோல்டில் இருந்து எதிர்த் திசையில் தள்ளப்படுகிறது. வால்வு நன்றாக இருந்தால் அது மூடிக்கொள்ளும், புகை குடுவைக்கோ டேஷ்போர்டுக்கோ போய்ச் சேராது; புகை வரவில்லை என்பதால் கசிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஏசிக்கு வேக்கம் கொண்டுவரும் கறுப்புக் குழாயைக் கழற்றி நேராகச் செலுத்தலாம் என்பீர்கள். அப்போதும் புகை உள்ளிருந்து வெளியே அழுத்துகிறது. வேக்கமோ வெளியிலிருந்து உள்ளே இழுக்கிறது. இழுக்கும்போது விலகும் ரப்பர், அழுத்தும்போது ஒட்டிக்கொள்வது உண்டு. ஸ்கேனர் எண்களும், இவ்வளவு மெல்லிய குழாயில் உள்ள சிறு கசிவுக்குப் பெரும்பாலும் அசையாது.

விஎட்டு எழுப்பிய கேள்வி நேர்மையானது, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பாதி கெட்ட ஓ-ரிங்கும் இப்படி நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அறிகுறியோடு நிறுத்தாமல் வேக்கத்தை அளக்கும் கேஜை வைக்கச் சொல்கிறேன். கறுப்புக் குழாய்தான் மூல வேக்கம் வரும் குழாய். அது ஃபயர்வாலுக்குள் (என்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்புச் சுவர்) நுழையும் முன்பு, செக் வால்வுக்கும் குடுவைக்கும் பின்னால், ஒரு டி-இணைப்பு போட்டு வேக்கம் கேஜை மாட்டுங்கள். ஐடிலில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு என்ஜினை அணையுங்கள், சாவியை மட்டும் ஆன் நிலையில் விடுங்கள். முள் உடனே விழுந்தால், கேஜுக்கும் கேபினுக்கும் இடையில் உள்ள குழாயை ரப்பர் பகுதியில் மடக்கி இறுகப் பிடித்துக்கொண்டு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். மடக்கிய பிறகு முள் நின்றால் கசிவு கேபினுக்குள் இருக்கிறது, விஎட்டு வென்றார். மடக்கியும் விழுந்தால் கசிவு என்ஜின் பக்கம் இருக்கிறது. பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் தேட வேண்டிய இடத்தில் பாதியை விலக்கிவிடலாம்.

கேஸ் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. வேக்கம் குறைந்தால், கேபின் காற்றையே சுழலவிடும் ரீசர்குலேஷன் கதவும் திறந்துகொண்டு, வெளியில் இருக்கும் 45 டிகிரி காற்றை உள்ளே இழுக்கும். ஓட்டுபவருக்குக் குளிர் குறைந்ததாகத் தோன்றும். பட்டறையில் அழுத்தக் கேஜ் வைத்துப் பார்க்காமலே ஆர்134ஏ கேஸை ஏற்றிவிடுவார்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் உயர் அழுத்தப் பக்கம் ஏறி, கம்ப்ரஸருக்குத்தான் கேடு. வாடிக்கையாளரின் பணத்தை இப்படிக் கரைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அல்ஐன்வாசி:
இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? பெட்டியின் பின்னால் உள்ள இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மூலக் குழாயை டேஷ்போர்டு திறப்புகளுக்கான குழாயோடு நேராகச் சேர்த்துவிட்டால் காற்று எப்போதும் முகத்துக்குத்தான் வரும். எங்கள் பகுதியில் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். இந்த வெயிலில் கண்ணாடிக்குக் காற்று எதற்கு?

பட்டறைக்காரன்:
டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை விடியற்காலையில் அபுதாபி நெடுஞ்சாலையில் இறங்கும் மூடுபனியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் கண்ணாடி உள்ளே ஆவி படிந்தால், அதைத் துடைக்கும் முக்கிய வழியை நீங்களே அடைத்து வைத்திருப்பீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் கண்ணாடி ஆவி நீக்கும் அமைப்புக்கென்று தனியாக ஒரு பாதுகாப்பு விதியே இருக்கிறது. விளையாட்டுக்கு வைக்கப்பட்ட வசதி இல்லை அது. தவிர, ஏற்றத்தில் மூலக் குழாயிலேயே வேக்கம் இல்லை என்றால், நேராகச் சேர்த்தாலும் கதவு திரும்பிக்கொள்ளத்தான் போகிறது. பாலைவழியின் வண்டிக்கு இது மருந்தே ஆகாது.

விஎட்டு:
இதில் அண்ணனோடு முழுவதும் உடன்படுகிறேன். அந்த வேலையை யாரும் செய்ய வேண்டாம்.

பாலைவழி:
பட்டறைக்கார அண்ணன் சொன்னபடி கேஜை மாட்டினேன். ஐடிலில் 19 அங்குலம். நீண்ட ஹோஸ் வைத்துக் கேஜைக் கேபினுக்குள் கொண்டுவந்து, தம்பியைப் பார்க்கச் சொல்லி மலையேறினேன். முள் 6-க்கு இறங்கிய இடத்தில் காற்று கண்ணாடிக்குத் திரும்பியது. என்ஜினை அணைத்தால் முள் உடனே விழுகிறது. கேபின் பக்கக் குழாயை மடக்கிப் பிடித்தபோதும் விழுந்தது. செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன்: ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் அடைக்கிறது. குடுவைக்குப் போகும் ரப்பர் முழங்கையை விரலால் வளைத்ததும், அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு வாயைத் திறந்தது. புது ரப்பர் போட்ட பிறகு அதே ஏற்றத்தில் முள் 15-க்குக் கீழே இறங்கவில்லை. காற்றும் முகத்திலேயே நிற்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். இப்போது என்ஜினை அணைத்தால், கண்ணாடிக்கான நிலையில் முள் அசையாமல் நிற்கிறது. முகத்துக்கான நிலையில் வைத்தால் மெதுவாக இறங்குகிறது. அதைச் சரிசெய்ய வேண்டுமா?

விஎட்டு:
நான் சொன்னதும் உள்ளே இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. கண்ணாடி நிலையில் எந்தக் கதவுக்கும் வேக்கம் போவதில்லை. அதனால் முள் நிற்கிறது. முகத்துக்கான நிலையில் சொலினாய்டு திறந்ததும் அதன் வளையம் கசிகிறது. இன்று மெதுவாக இறங்குவது அடுத்த கோடையில் வேகமாக இறங்கும். இப்போதே மாற்றிவிடுங்கள்.

பட்டறைக்காரன்:
அந்த நிலையில் மட்டும் இறங்குகிறது என்பதால் கசிவு அந்த வழியில் இருக்கிறது என்பது சரி. வளையத்தில்தான் இருக்கிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. அந்தக் குழாயின் மறுமுனையில், கதவை இழுக்கும் டயஃப்ரம் ஒன்று இருக்கிறது; அதன் ரப்பர் கிழிந்தாலும் முள் இதே போலத்தான் இறங்கும். டயஃப்ரம் போயிருந்தால் புது வளையம் போட்டும் பயனில்லை. காற்று திரும்பாதவரை நானாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தொட மாட்டேன். தொடுவதென்றே முடிவு செய்தால், பின்னால் உள்ள பல வண்ணக் குழாய்களின் இணைப்பைக் கழற்றியதும் கைப்பம்பால் ஒவ்வொரு குழாயிலும் 15 அங்குலம் இழுத்துப் பாருங்கள். எல்லாம் நின்றால் டயஃப்ரம்கள் நலம், வளையங்களை மாற்றலாம். ஒன்று இறங்கினால் அந்தக் குழாயையும் அதன் டயஃப்ரத்தையும் பாருங்கள்.

விஎட்டு:
கைப்பம்பு சோதனை நல்ல யோசனை, செய்யுங்கள். ஆனால் வளையங்களை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பெட்டியைக் கழற்றுங்கள் பாலைவழி. பழைய டேஷ்போர்டின் பிளாஸ்டிக் கிளிப்புகள் இரண்டாவது முறை கழற்றும்போதுதான் பெரும்பாலும் உடைகின்றன.

பாலைவழி:
வளையங்களுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். கைப்பம்பு கிடைத்ததும் ஒவ்வொரு குழாயின் அளவையும் இங்கே எழுதுகிறேன்.